பனிக்கு வாங்கியது

மூன்று நாள் வேலை என்றுதான் பேசினார்கள்.
புதன்கிழமை இல்லத்தில் கடைசிக் கையெழுத்து,
வியாழன் மூட்டை கட்ட,
வெள்ளி விடிகாலை விமானம்.
பிள்ளைகள் சொல்வதை அவர்களுக்கும்
அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளுக்கும்
நான் மாற்றித் தரவேண்டும்.
பவோலாவின் ஆங்கிலம் நொண்டும். எத்தோரேயுடையது இன்னும் மோசம்.
என்னுடையதும் ஒன்றும் ஓட்டப்பந்தயத்துக்குப் போகாது.

வியாழன் மதியம் கடல் பக்கத்திலிருந்து வந்த வானம்
கீழ்ப்பாக்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.
இரவு பத்துக்குக் கரண்ட் போனது.
பதினொன்றரைக்கு எத்தோரேயின் போன் ஒளிர்ந்தது.
அவர் வாசித்து மனைவியிடம் இத்தாலியில் ஏதோ சொன்னார்,
நடுவில் ஒரே ஒரு சொல்
எல்லோருக்கும் புரிகிற சொல்.

தூங்குகிறாள் என்று நினைத்திருந்த ஜெசிந்தா
எழுந்து
தம்பியின் ஸ்வெட்டரைக் கழற்ற ஆரம்பித்தாள்.
மடித்தாள். தன்னுடையதையும் மடித்தாள்.
புது வளையலை உருவி அதன் மேல் வைத்தாள்.
கடைக்காரரிடம் திருப்பித் தரும் சாமான்போல
விலைச்சீட்டு மட்டும்தான் இல்லை.

"என்ன செய்கிறாள்?" என்றாள் பவோலா.
கேட்டேன்.
எட்டு வயசு, குரலில் கோபமே இல்லை.
ஸ்பெயின்லேர்ந்து ஒருத்தங்க ஆல்பம் அனுப்புனாங்க ஆண்ட்டி,
அதுல ஒரு நாய்கூட இருந்துச்சு.
அப்பறம் வார்டன் மேடம் கூப்ட்டு
கேன்சல்னு சொன்னாங்க.

இதை நான் எப்படி மாற்றினேன் என்று நினைவில்லை.
நாய் என்று சொன்னேன். ஆல்பம் என்று சொன்னேன்.
மற்றதை அவளே பிடித்துக்கொண்டாள்.
கொஞ்ச நேரம் மழை மட்டும் பேசியது.
பிறகு என்னிடம் ஒரு வாக்கியம் கேட்டாள்,
டார்ச் வெளிச்சத்தில் என் வாயைப் பார்த்து
மூன்று முறை ஒத்திகை பார்த்தாள்.

"ப்ளேன் கேன்சல். நீ கேன்சல் இல்லே."

இல்லே இல்ல, இல்ல, என்று திருத்தினாள் ஜெசிந்தா.
வளையலை எடுத்தாளா என்று
இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் ஒன்பது நாளானது.
ஓடுபாதை திறந்தபோது தோஹாவில் இணைப்பு இல்லை,
இணைப்பு கிடைத்தபோது இவர்கள் விசா முடிந்திருந்தது,
சாஸ்திரி பவன் திறந்தபோது அதிகாரி லீவு.
தங்குவிடுதியின் தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர்.
நாலாம் நாள் பவோலாவுக்கும் பேன் வந்தது.
சீப்பை எப்படிச் சாய்த்துப் பிடிப்பதென்று
ஜெசிந்தாதான் காட்டினாள், அதற்கு நான் தேவைப்படவில்லை.
எத்தோரே தயிர்ச்சோற்றை ஸ்பூனால் தோற்று
கையால் ஜெயித்தார்.
அப்பு பெட்டிக்குள் இருந்த பனி பூட்ஸை மாட்டிக்கொண்டு
தெருத்தண்ணீரில் இறங்கிவிட்டான்.
நீலம், உள்ளே பஞ்சு, இரண்டு சைஸ் பெரிது.
ஒரு தவளையைத் துரத்திக்கொண்டு ஆர்ம்ஸ் ரோடு வரைக்கும்.

டிக்கெட் கடைசியில் வந்தது
யாரும் கேட்காத நேரத்தில், மும்பை வழியாக,
இன்னும் மூன்று மணி நேரத்தில் என்று.
மீனம்பாக்கத்தில் டிக்கெட் இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள்.
வாசலிலேயே என் சம்பளத்தை எண்ணித் தந்தார்.
ஜெசிந்தா திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினாள்,
டிராலிச் சத்தத்தில் கேட்கவில்லை.
எந்த மொழியில் என்றுகூடத் தெரியாது.

பூட்ஸ் காயவில்லை. விட்டுவிட்டுப் போனார்கள்.
அப்பு சாக்ஸுக்கு மேல் ரப்பர் செருப்போடு போனான்.

என் போனில் சென்னைக்குக் கீழே
இன்னும் அந்த ஊர் இருக்கிறது, பெல்லுனோ.
இன்று மைனஸ் இரண்டு.
இங்கே முப்பத்தொன்று, வெயில்.
பால்கனியில் பூட்ஸ்
உள்பஞ்சு வரைக்கும் காய்ந்துவிட்டது.